சனிக்கிழமை வந்த இரும்பு

உ
குச்சனூர்,
1-8-2025, வெள்ளி

சம்பந்தியம்மா மகாலட்சுமி அவர்களுக்கு, ராமுத்தாய் எழுதிக்கொள்வது.

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. உங்கள் நலமும் என் நலமும் நன்றாகத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவ்வளவு சத்தம் வந்திருக்காது. நலமில்லாதது என் மகள் பாண்டீஸ்வரியின் ரத்தம். நேராக அதற்கே வருகிறேன்.

நாம் போட்ட சத்தத்தில் பிள்ளை அழுது, தன் வயிற்றின் மேல் கையை வைத்து நம் இருவரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள். "பிள்ளை பிறக்கிற வரைக்கும் சாப்பாட்டப் பத்தியோ மாத்திரையப் பத்தியோ ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. எதுனாலும் எழுதிக்கோங்க. எழுத்துக்குச் சத்தம் கிடையாது" என்றாள். மாயாண்டி கோவில் சத்தியத்தைக்கூட மீறலாம், மாசமாக இருக்கிறவள் வயிற்றுச் சத்தியத்தை மீற முடியாது. எனவே எழுதுகிறேன். லோயர் கேம்ப் மின் நிலையத்து வேலைக்குத் திங்கட்கிழமை போகிற மாப்பிள்ளை உங்கள் கடிதத்தை இங்கே கொடுத்துவிட்டுப் போகட்டும், சனிக்கிழமை தேனிக்குத் திரும்பும்போது என்னுடையதை வாங்கிக்கொள்ளட்டும். தபால்காரர் வேலை கொடுத்ததற்கு வருத்தம் சொன்னேன். "அத்தை, போனுக்கு நடுவுல நின்னதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார்.

ஜூனில் ஒன்பது புள்ளி எட்டு இருந்த ரத்தம் இப்போது ஒன்பது புள்ளி ஒன்று. ஐந்தாம் மாதத்தில் ஏற வேண்டியது இறங்குகிறது. பத்துக்கு மேலே வந்தால்தான் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு அனுப்பலாம், இல்லாவிட்டால் ரத்தம் கையிருப்பு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, தேனியிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவளுக்காகக் கிழக்கு அறைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட எடுத்து வைத்திருப்பது: புடைத்து, முளைகட்டி, வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு, கருப்பட்டி, எள்ளுருண்டை, காலையில் ஒடித்த முருங்கைக்கீரை, அவித்த தட்டைப்பயறு. புதன்கிழமை என் வீட்டுக்காரர் தேனிக்கு வரும்போது சுவரொட்டி வாங்கிக்கொண்டு வருவார். ரத்தம் ஊற ஆட்டு மண்ணீரலை விட எது இருக்கிறது? மிளகு தட்டிப்போட்டுச் சுட்டுக் கொடுங்கள்.

ஒரு இரும்புச் சட்டியும் இருக்கிறது. கீரையை அதில்தான் கிண்ட வேண்டும். உங்கள் ஒட்டாத சட்டியில் கிண்டினால் கீரைக்கு ஒன்றும் சேராது. பயப்பட வேண்டாம், சட்டியைச் சின்னமனூரில் புதன்கிழமைதான் வாங்கினேன். எங்கள் வீட்டில் சனிக்கிழமை வாங்கிய இரும்பு உள்ளே வராது. போன வருஷம் என் வீட்டுக்காரர் மறந்துபோய்ச் சனிக்கிழமை மண்வெட்டி வாங்கி வந்துவிட்டார். அதைக் கறுப்புத் துணியில் எள்ளோடு முடிந்து சனீஸ்வரர் காலடியில் சேர்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கேலி செய்கிறவர்கள் செய்யலாம். அவர் ஊரில் குடியிருக்கிறோம்.

கடைசியாக, உங்கள் அலமாரியில் ஐந்து டின் நிற்கிறதாமே. பிள்ளை உண்டாகியிருக்கிறவளுக்கு டின்னிலா சாப்பாடு?

இப்படிக்கு,
ராமுத்தாய்


தேனி,
3-8-2025, ஞாயிறு

சம்பந்தியம்மாவுக்கு,

பார்சல் வந்தது. அதற்குள் வைத்திருந்த திட்டும் வந்தது.

முதலில் உங்கள் கீரை. உங்கள் இரும்புச் சட்டியிலேயே கிண்டினேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். உங்கள் மகள் எழுந்து ஓடினாள். முற்றத்தில் உட்கார்ந்து குடலே வருகிற மாதிரி எடுத்தாள். தட்டைப்பயறு நாலு வாய். கூழ் அரை டம்ளர். எள்ளுருண்டை மட்டும் டப்பா காலி. இதற்கு நான் என்ன செய்ய? வாயைப் பிளந்து ஊட்டவா? "அங்கன எங்கம்மா ஊட்டுனா சாப்பிடுவேன்" என்கிறாள். அங்கன அனுப்பத்தான் டாக்டர் விடவில்லையே.

டின்னிலா சாப்பாடு என்கிறீர்கள். ஆமாம், டின்னில்தான். அடுத்த தெரு சிம்ரன் வரவழைத்துக் கொடுப்பது. வெளிநாட்டுச் சரக்கு. புரதம், எலும்பு, மூளை, முடி எல்லாவற்றுக்கும் இருக்கிறது. ஒரு ஸ்பூன் பாலில் போட்டால் குமட்டாமல் குடிக்கிறாள். பத்துக் கட்டுக் கீரையின் சத்தை ஒரு ஸ்பூனில் சுருக்கி வைத்திருக்கிறான். என் ஃபேன்சி ஸ்டோரில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை நான் ஒருத்தி நிற்கிறேன். கீரை ஆய எனக்குக் கை மூன்றில்லை.

சர்க்கார் கொடுக்கிற இலவச மாத்திரையும் இருக்கத்தான் செய்கிறது. என் மகன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேலையிலிருந்து வரும் வழியில் சுகாதார நிலையத்தில் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்துவிடுகிறான். போடுகிறாள். அந்தச் சிவப்பு மாத்திரையை நம்பியா நான் இருக்க முடியும்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஈஸ்வரபாண்டி பிறந்தபோது எனக்கு ரத்தம் ஏழு. என் அம்மா வீடு கடமலைக்குண்டு. அங்கே வலி கண்டு ஆறாவது மணி நேரத்தில் ஜீப் பிடித்து தேனிக்கு ஏற்றினார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் கண் திறந்தேன். எனக்கும் கீரைதான் கொடுத்தார்கள். நல்ல கீரை.

அதனால் டின்னைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மகாலட்சுமி


உ
குச்சனூர்,
15-8-2025, வெள்ளி

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் பட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடைசி வரியை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் டின்னைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கோபப்பட்டுக்கொண்டே படியுங்கள்.

மாப்பிள்ளையிடம் ஐந்து டின்னையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். போட்டோவுக்கு வாய் கிடையாது, சத்தியத்தில் சேராது. எட்டாம் வகுப்போடு நின்றவள் இங்கிலீஷ் லேபிளை என்ன படித்தாள் என்று கேட்பீர்கள். எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து ஒவ்வொன்றையும் நான் படித்துச் சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் மூடியைத் திறப்பார். எத்தனை மில்லி, அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம், தயாரித்த தேதி, தொகுதி எண் எல்லாம் இருபது வருஷமாக என் நோட்டில் இருக்கிறது. கொடிக்கு அடிக்கிற மருந்துக்கே இவ்வளவு பார்க்கிறோம். உங்கள் மருமகள் வயிற்றுக்குள் போவதைப் பார்க்க வேண்டாமா?

பவுடர் டின்னில் உணவு உரிம எண் பதினாலு இலக்கம் இருக்க வேண்டும். மூன்று தடவை எண்ணினேன், பதினொன்றுதான் இருக்கிறது. எண்ணையே ஒழுங்காகப் போடாதவன் உள்ளே என்ன போட்டிருப்பான்? இன்னொன்றில் பெயர் பெயராக இருபத்திரண்டு சத்து. எது எவ்வளவு என்று ஒன்றுக்கும் இல்லை, மொத்தமாகக் 'கலவை' என்று ஒரே எடை. கடையில் இருபத்திரண்டு சாமான் வாங்கி ஒரே தொகையை எழுதிக் கொடுத்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? முடிக்கு என்று வைத்திருக்கிறீர்களே, அதில் காலாவதித் தேதி மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மூளைக்கு என்கிற மீன் ஈரல் எண்ணெய்க் குளிகையிலும், முடி மாத்திரையிலும், பவுடரிலும் தனித்தனியாக வைட்டமின் ஏ இருக்கிறது. மூன்றையும் கூட்டி எழுதி எங்கள் ஊர் நர்ஸ் மாரீஸ்வரியிடம் காட்டினேன். அந்தப் பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது. "அக்கா, மாசமா இருக்கவுகளுக்கு இது அளவுக்கு மிஞ்சுனா வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. டாக்டர் எழுதிக் குடுத்தத மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தீர்கள். நல்லதை மூன்று வழியாகக் கொடுத்தால் அது மூன்று மடங்கு நல்லது ஆகிவிடாது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

நீங்கள் நம்பவில்லை என்றால் என்னை நம்ப வேண்டாம், டின்களைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடமே போங்கள்.

ராமுத்தாய்


தேனி,
17-8-2025, ஞாயிறு

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. சீட்டைச் சுரண்டிப் பார்த்தேன்.

சுரண்டியவுடன் டின்னோடு சிம்ரன் வீட்டுக்குப் போனேன். தெருவே வெளியே வந்துவிட்டது. "ஆன்ட்டி, எனக்கு மேல இருந்து எப்படி வருதோ அப்படியே குடுக்கிறேன்" என்கிறாள். மேலே என்றால் எங்கே, வைகுண்டத்திலிருந்தா? ஐந்தையும் அவள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். இருபது வருஷமாகப் பொட்டு, வளையல் விற்கிறேன். தேதி மாற்றி ஒட்டிய பவுடர் ஒன்றுகூட என் கடைப் படி ஏறியதில்லை. என் வீட்டு அலமாரிக்குள்ளே வந்துவிட்டதே என்று எனக்கு வந்த எரிச்சலை உங்களுக்குச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடித்தது நீங்கள் என்பது அதற்கு மேல் எரிச்சல்.

இப்போது என் முறை. இன்று காலை டாக்டரம்மா வீட்டுக்கும் போனேன். டின்னைப் பற்றி நீங்கள் சொன்னதையேதான் சொன்னார்கள். கூடவே, வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சுவரொட்டியைச் சொன்னேன். அதை வாங்கப் போகும்போதெல்லாம் சம்பந்தி ஈரலும் சேர்த்து வாங்கிவிடுகிறார், நீங்கள்தான் சொல்லி அனுப்புகிறீர்களாம். வாரத்தில் நாலு நாள் ஈரல் போகிறது. "ஈரலில்தானம்மா அந்த வைட்டமின் ஏ கொட்டிக் கிடக்கிறது. அந்த டின்னோடு இந்த ஈரலுமா?" என்று தலையில் கை வைத்தார்கள். ஆக நீங்கள் கூட்டிய கூட்டலில் உங்கள் பங்கை மட்டும் விட்டுவிட்டீர்கள். உங்கள் நோட்டில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும் அல்லவா? உங்கள் மகள் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு வாரமாக எழுதி வைத்ததை இதோடு வைத்திருக்கிறேன். கடையில் ஆள் நிற்கும்போது எழுதியது, கோழிக் கிறுக்கலாக இருக்கும். படித்துவிட்டுக் குறை சொல்லுங்கள். சொல்லாமல் இருக்கமாட்டீர்கள்.

மகாலட்சுமி


உ
குச்சனூர்,
22-8-2025, வெள்ளி

சம்பந்தியம்மாவுக்கு,

ஈரல் என் தப்பு. எழுதிக்கொண்டேன். சிவப்பு மையில்.

உங்கள் எழுத்து கிறுக்கல் இல்லை. என்னுடையதைவிடத் தெளிவாக இருக்கிறது. படித்துவிட்டு எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது. காலை ஏழுக்கு டீ. பத்துக்கு டீ. பதினொன்றுக்கு 'இரும்பு மாத்திரை போட்டதாகச் சொன்னாள்'. பதினொன்றேகாலுக்கு மறுபடியும் டீ. மதியம் கீரையோடு மோர், சாப்பிட்ட கையோடு டீ. ஐந்துக்கு டீ. தேனியில் தண்ணீர்ப் பஞ்சமா? இரும்புச்சத்தும் டீயும் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சண்டைக்காரர்கள் மாதிரி, ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று ஒட்டாது என்று மாரீஸ்வரி படித்துப் படித்துச் சொல்கிறாள். மாத்திரைக்கு முன்னே ஒரு மணி நேரம், பின்னே ஒரு மணி நேரம் டீயும் காப்பியும் வேண்டாம். கால்சியம் மாத்திரையும் இதுவும் ஒரே நேரத்தில் வேண்டாம், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று. மாத்திரைக்குப் பாலும் வேண்டாம். எலுமிச்சைத் தண்ணீரோ ஒரு கொய்யாப்பழமோ கொடுங்கள். கீரை குமட்டினால் பருப்போடு கடைந்து, எலுமிச்சை பிழிந்து, ஆற வைத்துக் கொடுத்துப் பாருங்கள். சூட்டில்தான் அந்த வாடை தூக்கும். இவள் வயிற்றில் இருக்கும்போது எனக்கும் அப்படித்தான்.

டின்னும் நின்றது, டீயும் தள்ளிப்போனது என்றால் மாதக் கடைசியில் ஒன்பதரையாவது வரவேண்டும். வராமல் எங்கே போய்விடும்?

ராமுத்தாய்


தேனி,
7-9-2025, ஞாயிறு

சம்பந்தியம்மாவுக்கு,

எட்டு புள்ளி நாலு.

புதன்கிழமை பார்த்தது. எப்படி எழுதுவது என்று நாலு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். டின் இல்லை. டீ காலையில் ஒன்றுதான், அதுவும் அரை டம்ளர். உங்கள் கீரையை ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன், சாப்பிட்டாள். கொய்யா தினம் ஒன்று. எல்லாம் செய்தும் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தார்கள். "மாத்திரை போடுறாங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க" என்றார்கள். போடுகிறாள் என்று நான் அடித்துச் சொன்னேன். இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து நான் கத்தவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் கத்தவில்லை. "மாத்திரை அட்டையைக் கொண்டு வா ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். சாமி அலமாரிக்குப் போனாள். சனீஸ்வரர் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். கறுப்புத் துணியில் முடிந்த மூட்டை. அவிழ்த்தால் எள்ளு. எள்ளுக்குள் ஒன்பது அட்டை சிவப்பு மாத்திரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"அவுக மூணு மாசமும் சனிக்கிழமைதான் வாங்கிட்டு வந்தாக. சனிக்கிழமை வாங்குன இரும்பு வீட்டுக்குள்ள வந்தா சாமிக்குச் சேர்த்திரணும்னு அம்மா சொல்லும். வயித்துல இருக்கதுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுல்ல அத்தை. சொன்னா நீங்க சிரிப்பீகன்னு போட்டதாச் சொன்னேன்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. உங்கள் மண்வெட்டிக் கதையைப் படித்தபோது சிரித்தேன், இப்போது வரவில்லை.

உங்களை நாலு வார்த்தை கேட்கத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். கேட்க முடியவில்லை. ஏன் என்றால் அவள் இன்னொன்றும் சொன்னாள். முதல் தடவை அட்டை வந்த அன்று நான், "இந்த ஓசி மாத்திரை என்னத்தச் செய்யப்போகுது, டின்னுல எல்லாம் இருக்கு, அதக் குடி" என்றேனாம். சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. போடாவிட்டாலும் ஒன்றும் குறையாது என்று அவள் தைரியமாக முடிந்து வைத்ததற்கு அந்த வார்த்தைதான் காரணம். பிறகு டின்னையும் நீங்கள் நிறுத்தினீர்கள், நானும் தூக்கிப் போட்டேன். இருபது நாளாக இரும்பு என்று அவளுக்குள் போனது உங்கள் சட்டி மட்டும்தான்.

இனி மாத்திரை மட்டும் போதாது, நாள் இல்லையாம். இரும்பு மருந்தை ஊசி வழியாக, சொட்டுச் சொட்டாக நாலு தவணை ஏற்ற வேண்டும். முதல் தவணை வருகிற 13ஆம் தேதி காலை ஒன்பதரை மணி. என்ன கிழமை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வேறு நாள் கேட்டேன். தள்ளிப்போட இது பூ வைக்கிற சடங்கு இல்லை என்றார்கள்.

கையை நீட்ட மாட்டேன் என்கிறாள். ரத்தத்துக்குள்ளேயே இரும்பை விடுவதா, அதுவும் சனிக்கிழமை, என்று நடுங்குகிறாள். நான் கெஞ்சினேன், அவள் புருஷன் கெஞ்சினான். "அம்மா சொல்லட்டும்" என்கிறாள்.

அம்மா சொல்லுங்கள்.

மகாலட்சுமி


உ
குச்சனூர்,
9-9-2025, செவ்வாய்

மதினிக்கு,

மாப்பிள்ளையிடம் கொடுத்தால் சனிக்கிழமை மதியம்தான் வரும். அதனால் தபாலில் போடுகிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் சத்தியத்தை மீறினேன். போன் போட்டேன். "ஊசி போட்டுக்க ஆத்தா, அம்மா சொல்றேன்" என்றேன். அவள், "அத்தை சொல்லச் சொன்னாகளா? பயந்துக்கிட்டுச் சொல்றியா? நீ சனிக்கிழமை ஒரு ஆணி வாங்குவியா?" என்று கேட்டாள். கேட்டதோடு போனை வைத்துவிட்டாள்.

இருபத்து நாலு வருஷம் நான் செய்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு நிமிஷம் போனில் சொல்வதை எப்படி நம்புவாள்?

மதினி, மூன்று கடிதமாக உங்களை வறுத்தெடுத்தேன். லேபிள் என்றேன், பதினோரு இலக்கம் என்றேன். ஒன்பது அட்டையிலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தொகுதி எண் இருக்கும், தேதி இருக்கும், எது எவ்வளவு என்று இருக்கும். உங்கள் அலமாரியில் இருந்ததிலேயே நம்பக்கூடிய சரக்கு அது ஒன்றுதான். அதைத்தான் என் வார்த்தை எள்ளுக்குள் முடிந்து வைத்தது. ஊரார் டின்னைச் சுரண்டிப் பார்த்தவளுக்குத் தன் வார்த்தையைச் சுரண்டிப் பார்க்கத் தெரியவில்லை.

இன்று காலை கோவிலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லை. சண்டை போடத்தான் போனேன். இத்தனை வருஷம் விளக்குப் போட்டவளுக்கு இதுதானா என்று கேட்கப் போனேன். போய் நின்றதும் எனக்கு முன்னால் ஒரு அம்மா எள்ளுச் சோற்றுத் தட்டை நீட்டினாள். அர்ச்சகர் அதை உள்ளே கொண்டுபோய்ப் படைத்துவிட்டு, பாதியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கண்ணில் ஒற்றி அங்கேயே சாப்பிட்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எள்ளும் அவருடையது. அதைப் படைக்கிறோம், திருப்பி வாங்கிச் சாப்பிடுகிறோம், ஒருவரும் பயப்படுவதில்லை. இரும்பும் அவருடையதுதானே. அதை மட்டும் கொடுத்துவிட்டு ஓடிவரத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அவருடைய பொருளை, அவருடைய கிழமையில், அவர் கொடுத்து என் மகள் உடம்பு வாங்கிக்கொண்டால் அது எப்படிக் குற்றமாகும்? "நீ குடு, நான் வாங்கிக்கிறேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

சரியா தப்பா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தையே இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். ஆனாலும் வருவேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வரும் வழியில் சின்னமனூரில் இறங்கி, முன்பு சட்டி வாங்கிய அதே கடையில் ஒரு இரும்புத் தோசைக்கல் வாங்குவேன். காலை ஆறு மணிக்கே திறந்து வைக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை வாங்கிய இரும்பை என் கையாலேயே உங்கள் வாசல்படி தாண்டி உள்ளே கொண்டு வருவேன். அவளைக் கதவுக்கு நேராக உட்கார வையுங்கள். பார்க்கட்டும். அதற்குப் பிறகு கையை நீட்டச் சொல்கிறேன்.

அந்தக் கல்லில் முதல் தோசையும் நானே வார்த்து, நானே சாப்பிடுவேன்.

ஒன்பது அட்டையையும் கோவிலில் சேர்த்துவிடாதீர்கள். தேதி இன்னும் இருக்கும். எள்ளை உதறிவிட்டு எடுத்து வையுங்கள்.

உங்கள்
ராமுத்தாய்


தேனி,
12-10-2025, ஞாயிறு

மதினிக்கு,

ஒன்பது புள்ளி ஆறு.

நாலு தவணையும் முடிந்தது, சிவப்பு மாத்திரையும் தினம் போகிறது. என் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் நகர விடுகிறேன். "நான் என்ன ஒண்ணாப்புப் பிள்ளையா அத்தை?" என்கிறாள். ஆமாம் என்றேன். நன்றாகச் சாப்பிடுகிறாள். உங்கள் தோசைக்கல்லில் கேழ்வரகு தோசை மூன்று. முருங்கைக்கீரையை அதிலேயே தூவி, வாடை தெரியாமல் வார்க்கக் கற்றுக்கொண்டேன். இதை நீங்கள் எழுதவில்லை, நானே கண்டுபிடித்தது. உங்கள் நோட்டில் என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பத்து வரவில்லை. எவ்வளவோ கேட்டேன். ஒன்பது ஆறும் பத்தும் ஒன்றுதானே, காய்கறிக் கடையில் கொசுறாக விடுவதில்லையா என்றுகூடக் கேட்டேன். ஏறுகிறது, நல்ல சேதி, ஆனாலும் தேனியை விட்டு நகர வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். பத்து நாளில் வளைகாப்பு. அது முடிந்ததும் அவளை அழைத்துப்போகலாம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கிழக்கு அறைக்கு வெள்ளையடித்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கெட்ட கோபம் வரும் என்று தெரியும். என்னைத் திட்டுங்கள், டாக்டரைத் திட்டாதீர்கள். நம் இரண்டு பேர் அறிவுக்கும் இந்த அளவோடு பிள்ளை தப்பித்ததே பெரிது.

அன்று நீங்கள் தோசைக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். உள்ளே வலது காலை எடுத்து வைக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. பாண்டீஸ்வரியும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியபோதுகூட அவள் ஊசியைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவில்லை. இப்போதும் வேண்டாம். எழுதியாவது வைக்கலாம் என்று தோன்றியது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வீடு இங்கன வர முடியாது, தாய் வரலாம். மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். கடைச் சரக்கு நாலு மூட்டை அங்கே கிடந்தது, இறக்கியாயிற்று. குழந்தை பிறந்து தொண்ணூறு நாள் வரை இருங்கள். சம்பந்தி அண்ணனுக்கு யார் சோறு ஆக்குவது என்று கேட்காதீர்கள். லேபிள் படித்துச் சொல்ல ஆளில்லாமல் தோட்டம் கொஞ்ச நாள் மருந்தில்லாமல் கிடக்கட்டும், திராட்சைக்கும் நல்லதுதான்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுத முடியாது. நேருக்கு நேர் சண்டைதான் போட வேண்டும். சத்தியம் போனுக்கு மட்டும்தான்.

சாமான் என்னென்ன கொண்டு வருவது என்று நீங்கள் இரண்டு பக்கம் பட்டியல் போடுவீர்கள். அரிவாள்மனை கொண்டு வாருங்கள், என்னுடையது மொட்டை. பெரிய இரும்புச் சட்டி ஒன்று இருக்கிறதாமே, அதையும் கொண்டு வாருங்கள்.

எந்தக் கிழமையானாலும் சரி.

உங்கள்
மகாலட்சுமி